வெவ்வேறு சமயத்தார் சேர்ந்து மறைநூல் வாசிப்பது எப்படி?

யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஒன்றாக உட்கார்ந்து அவரவர் மறைநூலை மற்றவர்களோடு வாசிக்கும் இந்த முறை 1990களில் உருவானது. சமய அறிஞர்களான பீட்டர் ஓக்ஸ், டேவிட் ஃபோர்ட், டேனியல் ஹார்டி ஆகியோர் இதை வளர்த்தவர்கள். இது வழிபாடும் அல்ல, பட்டிமன்றமும் அல்ல. எங்கே, எதனால் வேறுபடுகிறோம் என்பதைச் சண்டையில்லாமல் பேசிப் பழகுவதுதான் நோக்கம்.

ஆறு முதல் ஒன்பது பேர் போதும். ஒரு சமயத்துக்கு இருவராவது வேண்டும். தனி ஆளாக வருபவர் தலையில் மொத்தச் சமயத்துக்கும் பதில் சொல்லும் பாரம் விழுந்துவிடும்.

ஒரே பொருளில் மூன்று சிறு பகுதிகளை எடுங்கள். எதுவும் 15 வசனத்தைத் தாண்ட வேண்டாம். முதல் கூட்டத்துக்குப் போர், தண்டனை பற்றிய வசனங்களைத் தவிர்ப்பது நல்லது. விருந்தோம்பல் பற்றி யூத மறைநூலிலிருந்து ஆதியாகமம் 18:1-15, கிறிஸ்தவரின் புதிய ஏற்பாட்டிலிருந்து எபிரெயர் 13:1-2, முஸ்லிம்களின் குர்ஆன் 51:24-30 பொருந்திவரும். தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். கைபேசியில் படித்தால் ஆளாளுக்கு விளக்கவுரை தேடிப் போய்விடுவார்கள்.

ஒரு பகுதிக்கு அரை மணி நேரம். அந்த நூலுக்கு உரியவர் இரண்டு, மூன்று நிமிடத்தில் பின்னணி சொல்லட்டும். பிறகு ஒருவர் உரக்க வாசிக்க, ஒரு நிமிடம் அமைதி. அதன்பின் யாரும் பேசலாம், வசனத்தைச் சுட்டிக்காட்டித்தான் பேச வேண்டும்.

ஆதியாகமத்தில் ஆபிரகாமின் விருந்தாளிகள் சாப்பிடுகிறார்கள். குர்ஆனில் இப்ராஹீம் (அதே ஆபிரகாம்தான்) கொழுத்த கன்றை முன்னே வைத்து "உண்ணமாட்டீர்களா?" என்று கேட்கிறார், அடுத்த வசனத்திலேயே அவருக்கு அச்சம் வருகிறது. குழந்தை பிறக்கும் என்றதும் ஆதியாகமத்தில் ஆபிரகாமின் மனைவி சாராள் தனக்குள் சிரிக்கிறாள். குர்ஆனிலோ அவர் மனைவி சத்தமிட்டுத் தம் முகத்தில் அறைந்துகொள்கிறார். எபிரெயர் பகுதியில் ஆபிரகாமின் பெயரே கிடையாது. இந்த இடத்தில்தான் யாராவது "எல்லாம் ஒரே கதைதானே" என்று முடித்துவைக்கப் பார்ப்பார். விடாதீர்கள். அச்சம் எதனால், சிரிப்பு எதனால் என்று கேட்டால்தான் பேச்சு சூடுபிடிக்கும்.

இன்னொரு தொல்லை, நன்கு படித்தவர் சொற்பொழிவில் இறங்குவது. "இதை எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று நெறியாளர் கேட்டால் போதும், தாளுக்குத் திரும்பிவிடுவார்.

முடிந்ததும் தாள்களைத் திரட்டுங்கள். மறைவசனம் அச்சான தாளைக் குப்பையில் போடுவது பலரைப் புண்படுத்தும். என்ன செய்யலாம் என்று அந்தந்த நூலுக்கு உரியவரிடமே கேளுங்கள்.