பியானோவோடு வந்த 'ங்ம்ம்' இரைச்சல்: எப்படி நிறுத்தினேன்

சென்னைக் கல்யாண மண்டபங்களில், ரிசப்ஷன் நேரத்தில் மெல்லிசாகப் பியானோ வாசிக்கிறேன். என் 88 கீ டிஜிட்டல் பியானோவை மண்டபத்து மிக்சரில் செருகினாலே 'ங்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். கச்சேரியானால் பாட்டில் அமுங்கிவிடும். விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போது தணித்து வாசிக்கிற எனக்கு அது பெரிய வேதனை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இரைச்சலும் அதே அதிர்வில்தான். பியானோவின் அடிப்பக்க ஜி ஸ்வரம் ஏறக்குறைய 49 ஹெர்ட்ஸ். வேறு சுருதியில் வாசித்தால் கூடவே ஒரு தப்பு ஸ்வரம் ஒலிக்கிற மாதிரி உறுத்தும்.

கேபிள் மாற்றியும் பயனில்லை. ஹெட்போனில் கேட்டால் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் பிடிபட்டது: பியானோவுக்கு மேடை பிளக், மிக்சருக்கு ஹாலின் மறுகோடி பிளக். இரண்டு எர்த்தும் ஆடியோ கேபிளின் உறை வழியாகச் சேர்ந்து வளையமாகிவிடுகின்றன. அந்த வளையத்தில் ஓடும் கரண்ட்தான் இரைச்சலாகக் கேட்கிறது.

"எர்த் பின்னைக் கழட்டிடுங்க தம்பி" என்றார் ஒருவர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றைக் கொடுத்தார்; பியானோவுக்கும் மிக்சருக்கும் நடுவில் செருகும் சின்னப் பெட்டி அது. அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (பிளக்கின் எர்த்தைத் தொடாமல், ஆடியோ கேபிள் வழி எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) தட்டியதும் இரைச்சல் நின்றது. அந்த நிசப்தத்தில் முதல் கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே இரண்டு வாங்கினேன், ஸ்டீரியோவுக்கு. டிஐ இல்லாத நாளில், மிக்சரைப் பக்கத்தில் வைக்க முடிந்தால், இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கரண்ட் எடுக்கிறேன். பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.