விதை முளைக்கவில்லையா? பாக்கெட்டைக் குறை சொல்லும் முன்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆடி பிறந்ததும் முதல் வேலையாக, போன பட்டத்தில் மிச்சமான வெங்காய விதையை எடுத்துத் தொட்டியில் தூவினேன். பதினைந்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அதே விதை அதற்கு முந்தின வருடம் நன்றாக முளைத்ததே! நடுவில் ஒரு வருடம் சமையலறை அலமாரியில், அடுப்புக்குப் பக்கத்தில், வாய் மடித்த காகித உறையில் அது கிடந்ததுதான் காரணம். வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு, நம் ஊர் வெக்கையில் சாதாரணமாக வைத்தால் ஒரு வருடம் தாண்டுவதே கஷ்டம். தக்காளி, கத்தரி, பூசணி விதைகள் நன்றாகக் காய்ந்திருந்தால் மூன்று நான்கு வருடம்கூடத் தாங்கும். எல்லா விதைக்கும் ஒரே ஆயுள் என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

காய்ந்து கிடக்கும் விதை செத்த பொருள் மாதிரித் தெரியும். உள்ளே ஒரு சின்னச் செடி மிக மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டு, தனக்கென்று கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. ஈரமும் சூடும் ஏற ஏற அந்த மூச்சு வேகமாகும், சாப்பாடு சீக்கிரம் தீரும். விதைக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு, வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரண்டு மடங்கு. இஸ்ரேலில் சாக்கடலை ஒட்டிய மசாடா கோட்டை இடிபாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2000 வருடப் பழைய பேரீச்சை விதை ஒன்று 2005இல் முளைத்தது என்றால், அந்தப் பாலைவனத்தின் வறட்சிக்கும் அதில் பங்கு உண்டு.

நம் பாட்டிமார் கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்ததும், பூசணி விதையைச் சாணத்தோடு சேர்த்து வரட்டி மாதிரிச் சுவரில் தட்டியதும், சுரைக்குடுக்கைக்குள் விதையைப் போட்டு வாயை அடைத்ததும் சும்மா இல்லை. ஈரத்தை இழுக்கவும், பூச்சியைத் தள்ளிவைக்கவும் அவர்கள் கண்ட வழி அது. நமக்குக் கண்ணாடி பாட்டில் போதும், ஆனால் விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காலை வெயிலிலும் சாயங்கால வெயிலிலும் காயவையுங்கள், உச்சி வெயிலில் மொட்டைமாடி சிமென்ட் தரையில் பரப்பாதீர்கள், விதை வெந்துபோகும். ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லதுதான். சரியாகக் காயாத விதையை அப்படியே காகிதத்தில் மடித்து வைத்தால் மட்டும் பலன் இல்லை. இன்னொன்று, பாட்டிலை வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் வேர்த்து, இத்தனை நாள் காப்பாற்றியது வீணாகும்.

கடை பாக்கெட் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், படத்தைப் பார்க்கிறோம், சோதனை தேதியைப் பார்ப்பதில்லை. முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எப்போது சோதித்தது, எதுவரை செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். சோதித்துச் சான்று கொடுத்து விற்கும் விதைக்கு நம் நாட்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம்தான். அதாவது பத்து மிளகாய் விதையில் நான்கு வராமல் போவது மோசடி கிடையாது, அதற்கும் சேர்த்துத்தான் தூவ வேண்டும்.

காய்கறிக் கடையில் வாங்கிய கத்தரி, வெண்டை, பாகல் இவற்றிலிருந்து விதை எடுத்து ஏமாறுகிறவர்களும் நிறைய. சமையலுக்கு நாம் பறிப்பது பிஞ்சு, விதை அதில் முற்றியே இருக்காது. கத்தரி மஞ்சளாகி, வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கிற நிலைக்கு வந்த பிறகுதான் விதைக்கு ஆகும். நன்றாகப் பழுத்த தக்காளி, பப்பாளி விஷயம் வேறு, அவற்றில் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பைக் கழுவி எடுக்காவிட்டால் அதுவே முளைப்பைத் தடுக்கும்.

அப்புறம் தண்ணீர். நான் பார்த்தவரை அதிகமான விதைகள் சாவது தாகத்தால் இல்லை, மூழ்கித்தான். ஈரம் பட்டதும் விதையின் மூச்சு பல மடங்கு கூடுகிறது, அந்த நேரத்தில் மண்ணில் காற்று இருந்தாக வேண்டும். தேங்காய் நார்க்கழிவைச் சேறு மாதிரி நனைத்து, நாற்று வளர்க்கும் குழித்தட்டில் அழுத்தித் திணித்து, மேலே தினமும் இரண்டு தடவை ஊற்றினால் காற்று எங்கே போகும்? கையில் பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வருகிற ஈரம் போதும். ஊறவைப்பதிலும் இதே கதைதான். பாகல், புடலை மாதிரித் தடித்த தோல் விதைகளுக்கு ஓர் இரவு ஊறல் சரி, மேலோட்டை நகவெட்டியால் லேசாகக் கீறினால் இன்னும் நல்லது. பீன்ஸ், அவரையை இரண்டு நாள் தண்ணீரிலேயே போட்டு வைத்தால் அழுகிய வாடைதான் மிஞ்சும்.

ஆழத்தில் சந்தேகம் வேண்டாம், விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகத் தடவிவிடுங்கள். விரல் ஆழக் குழியில் போட்டால், வெளிச்சத்தைத் தொடும் முன்பே அதன் கைச்சாப்பாடு தீர்ந்துவிடும்.

பருவமும் முக்கியம். கேரட்டும் பாலக்கும் சித்திரை வெயிலில் சுடுகிற தொட்டி மண்ணில் சரியாக முளைக்காது, அவற்றை ஐப்பசி, கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்க்கு நேர்மாறு, அதற்கு 25 முதல் 30 டிகிரி வரை சூடு பிடிக்கும். கொத்தமல்லியை உருட்டி இரண்டாக உடைத்துப் போட்டுவிட்டு ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள், இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும்.

காயவே கூடாத விதைகளும் உண்டு. பலாக்கொட்டை, கறிவேப்பிலைப் பழத்தின் விதை இவற்றைக் காயவைத்துப் பத்திரப்படுத்தினால் செத்துவிடும். வேப்பங்கொட்டையும் சீக்கிரமே முளைக்கும் சக்தியை இழக்கும். இவற்றைப் பழம் விழுந்த வாரமே சதையை நீக்கி மண்ணில் போட்டுவிட வேண்டும்.

வீட்டில் பழைய பாக்கெட் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடவும் வேண்டாம், நம்பி விதைக்கவும் வேண்டாம். இருபது விதையை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, மூடிய டப்பாவில் வெயில் படாமல் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளுக்கு ஒரு தடவை திறந்து காற்று காட்டுங்கள். முள்ளங்கி மூன்று நான்கு நாளில் தெரிந்துவிடும், மிளகாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுங்கள். பதினைந்துக்கு மேல் முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். பத்து வந்தால் குழிக்கு இரண்டு விதையாகப் போடுங்கள். ஐந்துகூட வரவில்லை என்றால் பாக்கெட்டை உரக்குழியில் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குங்கள், துணியில் முளைத்த அந்த ஒன்றிரண்டை மட்டும் வேர் முறியாமல் எடுத்துத் தொட்டியில் வைத்துவிடுங்கள்.