டெலீட் செய்த ஃபைல் ஏன் திரும்பி வருகிறது?

பழைய லேப்டாப்பை விற்கும் முன் ஆதார் ஸ்கேன், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத்தான் விண்டோஸ் எடுத்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் சரக்கு அப்படியே கிடக்கும். ரெகுவா மாதிரி இலவச சாஃப்ட்வேரே அதை மீட்டுவிடும். குயிக் ஃபார்மேட்டும் இதே கதைதான்.

அப்புறம், ஃபைல் இருந்த இடத்தில் வேறெதையாவது எழுதி அதை அழிக்கும் ஷ்ரெட்டர் சாஃப்ட்வேர் தேடுவோம். அதில் 35 முறை மேலெழுதும் வசதியைப் பார்த்ததும் ராத்திரி முழுக்க ஓடவிடுவோம். அந்த 35, கணினி ஆய்வாளர் பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைக்கு இருந்த பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒருமுறை முழுதாக எழுதினால் போதும்.

சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் விஷயமே வேறு. ஒரே இடம் தேய்ந்துவிடக்கூடாது என்று, நீங்கள் மேலெழுதச் சொன்னதை அது வேறொரு இடத்தில் எழுதிக்கொள்ளும். பழையது எங்கேயோ பத்திரமாக இருக்கும். 35 முறை ஓட்டினால் எஸ்எஸ்டி தேய்வதுதான் மிச்சம். இதற்கு ஷ்ரெட்டரை நம்பாதீர்கள். டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை, வாங்கிய நாளிலேயே போட்டுவிடுவது நல்லது. விற்கும்போது, எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனத்தின் டூலில், எஸ்எஸ்டியே தன்னை முழுதாக அழித்துக்கொள்ளும் செக்யூர் எரேஸ் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸிலேயே சைஃபர் என்றொரு கட்டளை உண்டு. அது காலி இடத்தை மட்டும்தான் துடைக்கும். டெலீட் செய்யாத ஃபைலைத் தொடாது. மூன்று சுற்று எழுதுவதால் பெரிய டிஸ்க்கில் மணிக்கணக்காகும். ஒருமுறை பொறுமையில்லாமல் பாதியில் மூடிவிட்டேன். மறுநாள் பார்த்தால் சி டிரைவ் சிவப்பில் நிற்கிறது, இடமே இல்லை! அது எழுதிய தற்காலிக ஃபைல், ஈஎஃப்எஸ் என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரில் அப்படியே தங்கியிருந்தது. அந்த ஃபோல்டரை நீக்கியதும் இடம் திரும்பிவிட்டது.

‘ஃபைல் பயன்பாட்டில் உள்ளது’ என்று அழிக்கவிடாமல் அடம்பிடித்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில நேரம் எக்ஸ்ப்ளோரரின் பிரிவ்யூ பகுதியே போதும். ரீஸ்டார்ட் செய்துவிட்டு வேறெதையும் திறக்காமல் அழித்துப் பாருங்கள்.

டெஸ்க்டாப் ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் அங்கேயும் ஒரு பிரதி இருக்கும். தனிநபர் கணக்கில் அழித்தது அங்குள்ள ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை கிடக்கும். அதையும் காலி செய்யுங்கள்.

ஓடவே ஓடாத டிஸ்க்குக்கு சாஃப்ட்வேர் எதுவும் உதவாது. ஹார்ட் டிஸ்க் என்றால் டிரில் போட்டு உள்ளிருக்கும் தட்டுகளைத் துளைக்க வேண்டும். எஸ்எஸ்டி என்றால் சிப் ஒவ்வொன்றையும் நொறுக்க வேண்டும்.