மழைக்கு அப்புறம் பொறுக்கிய கல் வைரமா?

ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் குண்டக்கல்லில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் கல் படங்களாக அனுப்ப ஆரம்பித்துவிடுவான். ஆந்திராவில் வஜ்ரகரூர், ஜொன்னகிரி பக்கம் அப்போது வயல் முழுக்க ஆட்கள் குனிந்த தலை நிமிராமல் வைரம் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவன். படத்தைப் பார்த்து வைரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பளபளப்பைத் தேடாதீர்கள். தண்ணீராகத் தெளிந்து மின்னினால் அநேகமாக பாட்டில் துண்டு, இல்லையென்றால் குவார்ட்ஸ் என்கிற சாதாரணப் படிகக் கல். தீட்டாத வைரத்தில் எண்ணெய்க் கை பட்டது போன்ற மினுக்குதான் இருக்கும்.

அப்புறம் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பை, அதாவது நகைக்காரர் கண்ணில் வைக்கும் சின்ன லென்ஸை, எடுங்கள். உள்ளே உருண்டைக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. ஆறு பட்டையும், அவற்றின் குறுக்கே மெல்லிய கோடுகளும் இருந்தால் குவார்ட்ஸ். வைரம் பல நேரம் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டிய எட்டு முக வடிவில், விளிம்பு மழுங்கி இருக்கும். அந்த முகத்தில் பொடிப் பொடியாக முக்கோணக் குழிகள் தெரிந்தால்தான் எனக்கே நெஞ்சு படபடக்கும்.

கண்ணாடியில் கீறிப் பார்ப்பது வீண். வைரத்துக்கு 10 என்று வைக்கும் மோஸ் கடின அளவுகோலில் கண்ணாடி 5.5 அளவில், குவார்ட்ஸுக்கு 7. அதுவும் நன்றாகவே கீறும். சுத்தியலைத் தொடவே வேண்டாம். வைரம் கடினம்தான், ஆனால் அடித்தால் பிளந்துவிடும்.

நான் நம்புவது தராசை. 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு போதும். கல் சின்னதென்றால் 0.001 காட்டுவது வேண்டும். முதலில் கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். முதல் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 1 கிராம் வைரத்துக்குத் தராசு 0.28 காட்டும், குவார்ட்ஸுக்கு 0.38. அதாவது வைரம் 3.52, குவார்ட்ஸ் 2.65. சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம் நிற்கும்.

3.5 வந்துவிட்டதா? சரி, குதிக்காதீர்கள், வெள்ளை டோபாஸ் என்கிற வேறொரு கல்லுக்கும் ஏறக்குறைய அதே எண்தான். அந்தக் கல்லை மட்டும் கல் வியாபாரியிடம் கொண்டுபோய் வைர டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அந்தக் கருவியின் சூடான ஊசி பட்டதும் வைரம் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். டோபாஸால் அது முடியாது.