துடுப்பு வலிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முப்பதைத் தாண்டித் தொடங்குபவர்களுக்கு

தண்டு வலித்தல், துடுப்பு வலித்தல் என்றுதான் தமிழில் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். சொல்லே இழுக்கச் சொல்கிறது. ரோவிங் கிளப்பில் புதிதாகச் சேரும் பெரியவர்கள் முதலில் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். படகை ஓட்டுவது கால். தொடையும் இடுப்பும் பெரும்பாலான வேலையை முடித்த பிறகு, கை வந்து கணக்கை நேர் செய்கிறது, அவ்வளவுதான்.

மலேசியாவில் பந்திங் மாதிரி எஸ்டேட் டவுனில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். செம்பனைக் குலை வெட்டி உரமேறிய தோளும், டிராகன் படகில் பழகிய கையும் உடையவர்கள் பலமாகவே வருகிறார்கள். டிராகன் படகில் முன்னே பார்த்து உட்கார்ந்து, துடுப்பைக் கையிலேயே பிடித்து, உடம்பைத் திருப்பி வலிக்கிறோம். ரோவிங் படகிலோ துடுப்பு ரிக்கரில், அதாவது படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தில், பூட்டியிருக்கும், இருக்கை சக்கரத்தில் ஓடும், போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பழைய பலம் இங்கே செல்லும். பழைய வரிசை செல்லாது.

வரிசை இதுதான். கால் ஏறக்குறைய நீளும் வரை முதுகும் கையும் அசையக்கூடாது. பிறகு இடுப்பிலிருந்து உடம்பு, கடிகாரத்தில் 11 மணி முள்ளின் சாய்விலிருந்து 1 மணிக்கு வரும். கடைசியில் முழங்கை மடங்கும். திரும்பும்போது எல்லாம் தலைகீழ்: கை நீண்டு முட்டியைத் தாண்டட்டும், உடம்பு முன்னே சாயட்டும், அதன் பிறகே முட்டி மடங்கட்டும்.

சரியாகச் செய்கிறோமா என்று எப்படித் தெரியும்? துடுப்பு வலிக்கும் பயிற்சி மெஷினில் உட்கார்ந்தவரைப் பக்கவாட்டில் கைப்பேசியில் பிடித்துப் பாருங்கள். இருக்கை பத்து சென்டிமீட்டர் பின்னே போனால் கைப்பிடியும் பத்து சென்டிமீட்டர் வர வேண்டும். இருக்கை போய்விட்டு, கைப்பிடி நின்ற இடத்திலேயே நின்றால் காலின் வேலை வீண்; மிச்சச் சுமை முழுக்க இடுப்பெலும்புக்கு மேலே, கீழ்முதுகில் இறங்கும். அடுத்து சங்கிலியைப் பாருங்கள். அது நேர்க்கோட்டில் போய் வர வேண்டும். முட்டியைத் தாண்டக் கைப்பிடி மேலே ஏறி இறங்கினால், முட்டி சீக்கிரம் மடங்கிவிட்டது என்று பொருள். படகில் அதே கை ஏறும்போது பிளேடு, அதாவது துடுப்பின் அகன்ற நுனி, தண்ணீரைத் தட்டும், படகு ஒரு பக்கம் சாயும்.

இதற்கு மருந்து சலிப்பானதுதான். ஒவ்வொரு பயிற்சியையும் பத்து வலிப்பு வெறும் காலால், பத்து காலும் உடம்பும், பத்து முழுதாக என்று தொடங்குங்கள். மூன்று நிமிடம்கூட ஆகாது. ஆனால் எல்லாரும் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

திரும்பும் அவசரம்

வலிப்பதில் உள்ள தவறு கண்ணுக்குத் தெரியும், திரும்புவதில் உள்ளது தெரியாது. போட்டிக்கான ஒற்றையாள் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ. உள்ளே உட்காருபவர் 75 கிலோ என்று வையுங்கள். படகைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். அவ்வளவு எடை சக்கரத்தில் விரைந்து வந்து கால் பலகையில் மோதினால், ஓடிக்கொண்டிருக்கும் படகுக்கு நாமே பிரேக் போட்டது மாதிரி. நிமிடத்துக்கு 20 வலிப்பு என்றால் ஒன்றுக்கு மூன்று விநாடி. அதில் ஒரு விநாடி உந்த, இரண்டு விநாடி திரும்ப. பிளேடு தண்ணீருக்கு வெளியே இருக்கும் அந்த இரண்டு விநாடியும் படகு தானாக ஓடும் நேரம். அதைக் கெடுக்காமல் இருப்பதும் திறமைதான்.

மண்டபத்து மெஷின்

வாரநாளில் மெஷின், வாரக் கடைசியில் புத்ராஜெயா ஏரி என்றுதான் இந்த வட்டாரத்தில் பலருக்கு அமையும். கான்செப்ட் டூ மெஷினில் விசிறியின் ஓரமாக 1 முதல் 10 வரை ஒரு லிவர் இருக்கிறது. புதியவர்கள் நேராக 10-இல் வைப்பார்கள், ஜிம்மில் எடை ஏற்றுவது போல் நினைத்துக்கொண்டு. அது விசிறிக்குள் போகும் காற்றின் அளவு மட்டும்தான். 10-இல் வைத்தால் கனத்த படகை இழுப்பது போல ஒவ்வொரு தொடக்கத்திலும் முதுகு முறுக்கிக்கொள்ளும். 3-க்கும் 5-க்கும் இடையில் போதும். தூசி அடைந்த மெஷினில் அதே 5 வேறு மாதிரி இருக்கும், அதனால் திரையில் டிராக் ஃபேக்டர் எனும் காற்றுத் தடையின் எண்ணைப் பார்த்து 110-130க்குள் வைப்பதே சரி. சங்கிலிக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, டிஷ்யூவில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் தேயுங்கள். நம் ஊர் ஈரத்தில் விட்டுவிட்டால் துரு பிடிக்கும்.

இன்னொரு தவறு, தினமும் தன்னோடு தானே போட்டி போடுவது. 500 மீட்டருக்கு 2:30 நிமிடம் என்ற வேகத்துக்கு ஏறக்குறைய 104 வாட்ஸ் வேண்டும்; 2:00-க்கு 203. முப்பது விநாடி குறைக்க இருமடங்கு சக்தி! தினமும் அதைத் துரத்தினால் மூன்றாவது வாரம் விலாவோ முதுகோ பேசும். வாரத்தில் மூன்று நாள், 30 முதல் 40 நிமிடம், நிமிடத்துக்கு 18-20 வலிப்பு, பக்கத்து மெஷின்காரரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். வேகப் பயிற்சி ஒருநாள் இருந்தால் போதும். உலக ரோவிங் விதிப்படி 27 வயது ஆகும் ஆண்டிலிருந்தே மாஸ்டர்ஸ் எனும் மூத்தோர் பிரிவு, அதற்குத் தூரம் 1,000 மீட்டர்தான். அவசரப்பட ஒன்றுமில்லை.

கை

கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். விரல்கள் கொக்கி போல் தொங்கினால் போதும். ஒற்றையாள் படகில் கட்டைவிரல் கைப்பிடியின் நுனியில் அமர்ந்து துடுப்பை லேசாக வெளியே தள்ளட்டும். இறுக்கிப் பிடித்தால் பிளேடு தண்ணீரை விட்டு எழும் முன்பே மணிக்கட்டு திரும்பிவிடும். தண்ணீர் பிளேடை உள்ளே இழுத்துக்கொள்ளும், கைப்பிடி வந்து வயிற்றில் இடிக்கும். கொப்புளம் வருவதும் இறுக்கத்தால்தான். அதைக் குத்தி உடைக்காதீர்கள். உடைந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டாமல் ஏரிப் பக்கம் போக வேண்டாம்: தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கென்சிங் திக்குஸ், எலிச் சிறுநீர்க் காய்ச்சல், புண் வழியாக ஏறும். தண்ணீரில் இறங்கிய பிறகு வரும் வாரங்களில் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால், ஏரிக்குப் போனதைக் கிளினிக்கில் முதலில் சொல்லுங்கள்.

ஏரியில்

புறப்படும் முன் ரிக்கரில் துடுப்பைப் பூட்டும் கேட்டின் திருகைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அது கழன்றால் துடுப்பு வெளியே, ஆளும் வெளியே. காலணியின் குதிகால் நான்கு விரல் அகலத்துக்கு மேல் எழும்பாதபடி கயிற்றால் கட்டியிருக்க வேண்டும்; கவிழ்ந்தால் கால் தானாகக் கழல்வது அந்தக் கயிற்றால்தான். ஐந்து வலிப்புக்கு ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். வெளிச்சம் வர ஏழு மணி ஆகிவிடும், ஒன்பதுக்குக் கரை ஏறிவிடுங்கள். பிற்பகல் வேண்டவே வேண்டாம். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே கரை.

நீச்சல் தெரிந்தவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. படகு கவிழ்ந்ததும் கரைக்கு நீந்தக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாதீர்கள். படகு மூழ்காது, அதன் மேல் கைபோட்டு மிதந்தபடி காலால் உதைத்துக் கரைக்கு வரலாம், அல்லது பாதுகாப்புப் படகு வரும் வரை பிடித்துக்கொண்டிருக்கலாம்.