ஊரும் அரசும் சேர்ந்து காடு காப்பது எங்கே சறுக்குகிறது? தான்சானியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தான்சானியாவின் 2002-ம் ஆண்டு வனச் சட்டம் ஊர்மக்களுக்கு இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. கிராம நிலத்தில் இருக்கும் காட்டைக் கிராமமே காப்புக்காடாக அறிவித்துத் தானே நிர்வகிக்கலாம். அல்லது அரசுக் காப்புக்காட்டை, அரசோடு ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து பராமரிக்கலாம். காகிதத்தில் இரண்டுக்கும் பெயர் மக்கள் பங்கேற்பு. களத்தில் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. முதல் வழியில் மரம் விற்றால் சட்டப்படி வருமானம் கிராமத்துக்கு, அரசுக்கு ராயல்டி கிடையாது. இரண்டாவதில் கிராமத்தின் பங்கு என்ன என்பதை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும்.

வேலை இப்போது, பங்கு பிறகு

ஒப்பந்தம் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. ரோந்து போவது, எல்லையைச் செதுக்குவது, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது எல்லாம் ஊர்க்காரர் பொறுப்பு என்று பத்தி பத்தியாக இருக்கும். வருமானம் வரும் இடத்தில் மட்டும் எண் இருக்காது. கூட்டு நிர்வாகத்துக்குச் சட்டம் வந்த பிறகும் பங்கு விகிதம் முடிவாகாததால், பல வரைவு ஒப்பந்தங்கள் ஆண்டுக்கணக்கில் கையெழுத்தாகாமல் கிடந்தன. நீர்ப்பிடிப்புக் காடு என்றால் நிலைமை இன்னும் மோசம். அங்கே மரமே வெட்டக் கூடாது. பகிர்ந்துகொள்ள மிஞ்சுவது காய்ந்த விறகு, காளான், தேன். இதற்காக மாதத்தில் நான்கு நாள் கூலியை விட்டுவிட்டுக் காட்டைச் சுற்றி வா என்றால் எத்தனை பேர், எத்தனை மாதம் வருவார்கள்?

கானா இந்தப் பாடத்தை விலை கொடுத்துப் படித்தது. அங்கே பழைய டாங்கியா முறையில் விவசாயி அரசு நிர்வகிக்கும் காப்புக்காட்டில் மரக்கன்று நட்டு, நிழல் கவியும்வரை இடையில் உணவுப் பயிர் செய்துகொள்வார். மரத்தில் அவருக்குப் பங்கில்லை. மரம் வளர்ந்தால் பயிர் போச்சு என்பதால் கன்றுகளைக் கவனிக்காமல் விட்டார்கள், சிலர் வேண்டுமென்றே அழித்தார்கள். 2002-ல் திருத்திய முறை வந்தபோது விகிதம் எண்ணாகவே எழுதப்பட்டது: விவசாயிக்கு 40, வன ஆணையத்துக்கு 40, நிலத்தின் பாரம்பரிய உரிமையாளருக்கு 15, ஊருக்கு 5 சதவீதம். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. கன்று நட்டவர் கையில் கையெழுத்திட்ட பத்திரம் போய்ச் சேராவிட்டால், மரம் விலைக்கு வரும் நாளில் 40 என்ற எண்ணை அவர் எதைக் காட்டிக் கேட்பார்? பத்திரம் முதலில், குழி பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது.

எல்லையும் காகிதமும்

வடக்கே பபாட்டி மாவட்டத்தில் டுரு-ஹைடெம்பா என்று ஏறக்குறைய 9,000 ஹெக்டேர் மியோம்போ காடு, அதாவது வறண்ட பருவத்தில் இலையுதிர்க்கும் காடு. 1990-களின் தொடக்கத்தில் அரசு அதைத் தன் காப்புக்காடாக்க அளவெடுக்க வந்தது. கைவிட்டுப் போகப் போகும் காடுதானே என்று மக்கள் அவசர அவசரமாக வெட்டத் தொடங்கினார்கள். பிறகு அரசு பின்வாங்கி, சுற்றியிருந்த எட்டு கிராமங்களிடம் காட்டை ஒப்படைத்ததும் வெட்டு அடங்கியது. ஊரோடு பேசுவதற்கு முன்னால் அளவுச் சங்கிலியோடு போவது கோடரியை அழைப்பதற்குச் சமம்.

ஒப்படைப்பிலும் வரிசை முக்கியம். பக்கத்து ஊர்களையும் அழைத்து எல்லையை நடந்து பார்த்து, எல்லாரும் கையெழுத்திட்ட தீர்மானம் வாங்க வேண்டும். கிராமங்கள் அடிக்கடி இரண்டாகப் பிரியும் நாடு அது. பிரிந்தபின் காடு யார் பக்கம் என்ற சண்டை வரும். அடுத்து நிலப் பயன்பாட்டுத் திட்டம். இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. 1999-ம் ஆண்டு நிலச் சட்டத்தின் விளக்கப்படி, பயன்படுத்தாமல் கிடக்கும் கிராம நிலம், அரசு நிர்வகிக்கும் பொது நிலத்தில் சேரும். அதே ஆண்டின் கிராம நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. உழாத காடு அதிகாரி கண்ணுக்குச் சும்மா கிடக்கும் நிலமாகத் தெரிய, இந்த முரண்பாடு ஒன்றே போதும். இது காப்புக்காடு என்று திட்டத்தில் எழுதியிருந்தால் அந்த வாதம் எடுபடாது.

அதன்பின் மரக் கணக்கெடுப்பு, மேலாண்மைத் திட்டம், துணை விதிகள். துணை விதியை கிராமசபை ஏற்று, மாவட்ட கவுன்சிலும் அங்கீகரிக்க வேண்டும். அதற்கு முன்பே ரோந்துக்காரர்கள் அபராதம் வசூலிக்கத் தொடங்குவது பரவலான தவறு. பிடிபட்டவர் நீதிமன்றம் போனால், காட்டை நிர்வகிக்கும் கிராமக் குழுவிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

குழுவைப் பற்றி ஒரே வார்த்தை: கணக்குப் புத்தகம் தலைவர் வீட்டில் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராமசபையில் வரவு செலவை உரக்க வாசித்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

பூட்டி வைத்தால் காடு பிழைக்கும் என்ற நினைப்பு

வருமானம் இல்லாத காடு சோளக்கொல்லையாக மாற அதிக நாள் ஆகாது. கிலோசா மாவட்டத்தில் காட்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் மரக்கரிக்கு ஒதுக்கி, மிச்சத்தைத் தொடாமல் வைக்கும் முறை இதற்காகவே வந்தது. கூப்பு (ஒருமுறை வெட்ட ஒதுக்கும் துண்டு) ஒவ்வொன்றும் 50-க்கு 50 மீட்டர், அதாவது கால் ஹெக்டேர். சதுரங்கப் பலகைபோல ஒன்று விட்டு ஒன்று வெட்டு. சுழற்சி 24 ஆண்டு. 480 ஹெக்டேர் ஒதுக்கினால் மொத்தம் 1,920 கூப்பு, ஆண்டுக்கு 80. எண்பத்தொன்றாவது கூப்பில் கோடரி விழுந்தால் அது அடுத்த ஆண்டின் கணக்கைத் தின்கிறது.

மியோம்போ மரங்கள் அடிக்கட்டையிலிருந்து தாமே துளிர்ப்பவை. நாற்று நட வேண்டியதில்லை, கட்டையைப் பாதுகாத்தால் போதும். நடைமுறையில் கெடுப்பவை மூன்று. மண்ணோடு மண்ணாக வெட்டுவது. கரிமூட்டத்தைக் கட்டைகளின் மேலேயே போடுவது, அந்த வெப்பத்தில் வேரே வெந்துவிடும். மூன்றாவதுதான் பெரியது: வெட்டி வெறிச்சான இடத்தில் 'ஒரே ஒரு போகம்' என்று உழுவது. ஒரு போகம் இரண்டாகும், துளிரைக் களையாக நினைத்துப் பிடுங்குவார்கள், அந்தக் கூப்பு அத்தோடு முடிந்தது. முதல் சில ஆண்டுகள் ஆடு மாட்டையும் உள்ளே விடக் கூடாது.

தெற்கே கிலுவாவில் கிளாரினெட், ஓபோ போன்ற ஊதுகருவிகள் செய்யப் பயன்படும் ம்பிங்கோ என்ற கருமரம் உண்டு. அங்கே கிராமக் காடுகளுக்கு 2009-ல் எஃப்எஸ்சி சான்று, அதாவது காடு முறையாக நிர்வகிக்கப்படுகிறது என்ற சர்வதேசச் சான்று, கிடைத்தது. ஆனால் சான்று வாங்குபவரைக் கூட்டி வராது. மரத்தை நிற்கும் நிலையில் குத்துமதிப்பாக விலை பேசாமல், வெட்டி அளந்த கனமீட்டருக்குப் பணம், மரத்தில் அடையாளம் பதிக்கும் முத்திரைச் சுத்தியல் அடித்த பிறகே லாரி என்று வைத்துக்கொண்டால் ஏமாற்று குறையும்.

நெருப்பு

'தீ வைக்காதே' என்று ஒரே வரியில் விதி எழுதுவதும் தவறுதான். மழை ஓய்ந்த மே, ஜூன் மாதங்களில் புல் பாதிப் பச்சையாக இருக்கும்போது திட்டமிட்டு எரித்தால், தீ தாழ்வாக ஓடி அணைந்துவிடும். எரிக்காமல் விட்டால் காய்ந்த புல் சேர்ந்து, செப்டம்பர், அக்டோபரில் தேன் எடுப்பவர் போட்ட ஒரு கங்கு போதும், நான்கு வயதுத் துளிர் வரை கருகிவிடும். எரிக்கும் நாளைப் பக்கத்து ஊருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். காற்று ஓய்ந்த மாலையில், கோடு வெட்டிய பக்கத்திலிருந்து, பச்சிலைக் கொத்தோடு ஆட்கள் நின்றபின் பற்றவையுங்கள்.