சென்சாரை மாற்றும் முன் மீட்டர் வையுங்கள்

பழைய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் லைட் எரிந்ததும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குக் காசைக் கொட்டாதீர்கள். எனக்கு மதுரையிலிருந்து மேலூர் போய்த் திரும்புவதற்குள்ளேயே பெட்ரோல் முள் கண்ணுக்குத் தெரிய இறங்கியது, புகையில் பெட்ரோல் வாடை வேறு. கடைசியில் பார்த்தால் சென்சார் நன்றாகத்தான் இருந்தது, அதற்கு முன்னால், இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் உள்ள மேனிஃபோல்டு கேஸ்கெட் கிழிந்து அந்த வழியாக வெளிக்காற்று புகுந்து, பெட்ரோல் குறைவு என்று சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. கேஸ்கெட் ஓரம் கரி படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சென்சார் புகைக்குழாயில் ஸ்பார்க் பிளக் மாதிரி திருகியிருக்கும். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதுதான் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும், அதையே சோதியுங்கள்.

நான்கு வயர் இருந்தால் ஒரே நிறத்தில் உள்ள இரண்டும் பெரும்பாலும் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்கானவை. வயர்கள் இணையும் கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் அந்த இரண்டு வயருக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். சில ஓம்ஸ் காட்டினால் சரி, இணைப்பே இல்லையென்றால் ஹீட்டர் போய்விட்டது. அப்புறம் கப்ளரை மாட்டி, வண்டி நன்றாகச் சூடானதும் சிக்னல் வயரில் மீட்டர் வைத்தால் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தும் ஒரே இடத்தில் நின்றால், காற்றுக் கசிவும் இல்லையென்றால், மாற்றிவிடுங்கள்.

கழற்ற பெரும்பாலும் 22 எம்எம் ஸ்பேனர், குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது. புதியதின் முனையில் மட்டும் கிரீஸ் படவே கூடாது.